கை அளவு

முப்பத்தொரு கிலோ இறங்கிவிட்டது.
போனது தன் உறையைக் கொண்டுபோகவில்லை;
என் இரண்டு புயத்திலும்
கொளுவிவிட்டுப் போயிருக்கிறது.

கிண்ணியா பஸ்ஸை மறித்தால்
பஸ் நின்ற பிறகும்
கை நிற்பதில்லை.

பரீதா தையல் நாடாவைச் சுற்றினாள்.
தொங்கவிட்டால் பதினாலு,
சேர்த்துப் பிடித்தால் பதினொன்று.
"எதை எழுத, அக்கா?"
கடை வாசலில் ஒரு மான்
வாழைப்பழத் தோலை மென்றபடி
என்னையே பார்த்தது.
"முழங்கை மட்டும் இறக்கிவிடட்டா?"
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

சீனிக் கிளினிக்கில் சொன்னார்கள்,
தோலுக்கு அவசரம் கிடையாதாம்.
எனக்கு இருக்கிறது,
ஆவணியில் மச்சாளின் மகளுக்குக் கலியாணம்.
முன்பு நான் குடித்துத் தீர்த்த
நெக்டோ போத்தல் இரண்டில்
டச்பே மணலை நிரப்பி
விடிய எழும்பித் தூக்குகிறேன்.
உள்ளே ஏதோ இறுகுகிறது.
வெளியே அது தன்பாட்டுக்கு ஆடுகிறது.

ஞாயிறு, கன்னியா.
நாலாம் கிணற்றில் வாளியால் மொண்டு
தலைக்கு மேலே தூக்கியபோது
நனைந்த சட்டை ஒட்டி
எல்லாம் தெரிந்தது.
பக்கத்தில் நின்ற பொடிச்சி
விரலால் ஒருதரம் தட்டிப் பார்த்தாள்.
"மாமி, இதுக்குள்ள என்ன இருந்தது?"
"நான்தான்."
"இப்ப?"
சுடுதண்ணீர் கண்ணுக்குள் போய்விட்டது,
அதனால் பதில் சொல்லவில்லை.

இன்று திரும்பப் போனேன்.
பதினாலு என்றே எழுது பரீதா,
கை நாலு விரல் நீளம் போதும்.
"துணி மிஞ்சுமே அக்கா?"
மிஞ்சட்டும்.
மிஞ்சினதைச் சுமந்துகொண்டுதானே
வந்து நிற்கிறேன்.