மூக்குக்குச் சம்பளம்

கப்பலில் சமையல் பார்க்கும் கொழுந்தன் கஸ்பார்
நாலு பாட்டில் கொண்டுவந்தான்.
ஆப்பிளைப் புளிக்கவைத்த சரக்காம். சைடர் என்றான்.
"சோடாவா?" என்றாள் அவன் பெண்டாட்டி ரெஜீஸ்.

பாம்பன் தென்கரையில் கச்சான் ஓய்ந்த ராத்திரி.
கவிழ்த்துப் போட்ட வத்தையின் மறைவில்
என்னை உட்காரவைத்தார்கள்.
பதினோரு வருஷமாய் மண்டபத்தில்
கணவாய் தரம் பிரிக்கிறேன்.
கம்பெனி சம்பளம் மூக்குக்குத்தான்,
நாக்குக்கு இல்லை என்றேன். கேட்கவில்லை.

முதலில் ஐஸைக் கொட்டச் சொன்னேன்.
நேற்று சூடை மீன் கிடந்த பெட்டி அது.
இன்னொன்று,
அத்தனை குளிரில்
கெட்ட கணவாயும் நல்ல பிள்ளையாய்க் கிடக்கும்.

ஒன்றாவது பொன் நிறம்.
மூடி திறந்ததும் ஆப்பிள் ஆப்பிள் என்று கூவியது.
அவ்வளவு கூவினால் எனக்குச் சந்தேகம் வரும்.
குடித்தால், பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் ஊற்றும் மருந்து.
கஸ்பார் டார்ச் அடித்துப் பொடி எழுத்தைப் படித்தான்:
தண்ணீர், சர்க்கரை, கொஞ்சம் சாறு, வாசனை.
பி.

இரண்டாவது நுரைத்தது, சுருக்கென்று குத்தியது,
நுரை போனபின் உள்ளே யாருமே இல்லை.
ரெஜீஸுக்கு அதுதான் பிடித்தது.
நீயே வைத்துக்கொள் என்றேன்.

மூன்றாவதைத் திறந்ததும் அவித்த முட்டை நாற்றம்.
கஸ்பார் கடலில் ஊற்றப் போனான்.
கையைப் பிடித்தேன்.
திறந்ததும் வருவது பெட்டியின் வாடை,
சரக்கின் வாடை பிறகுதான் வரும், பொறு.
சில்வர் தம்ளரைச் சுற்றிச் சுற்றி ஆட்டினேன்.
முட்டை போனது.
புளிப்பு வந்தது,
சுண்ணாம்பு குறைந்த கலயத்துப் பதநீர் மாதிரி,
அதைவிட மெலிசாய்.
அதன் அடியில் தோலின் கசப்பு.
அதற்கும் அடியில்

ஆப்பிள் மரத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை.
ஆப்பிள் என்றால் எங்களுக்கு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
பார்க்க வருகிறவர் கையில்
ஸ்டிக்கர் ஒட்டிய நாலு பழம்.
இவன் அண்ணன் கிடந்த கட்டிலோரம்
இரும்பு அலமாரியைக் கடைசி நாளில் ஒழித்தபோது
மூலையில் ஒன்று கன்றிப்போய்க் கிடந்தது.
அழுகவில்லை.
அழுகலுக்கு முந்தைய நாள் வாசனை.

"என்ன மதினி, மார்க்கு?"
ஏ என்றேன்.
"ஏன்?"
கம்பெனித் தாளிலும் அந்தக் கட்டம் உண்டு, காரணம் என்று.
"புளிப்பு சரியா இருக்கு."

நாலாவது காடி. சந்தேகமே இல்லை.
தள்ளு என்று சொல்லிவிட்டு
மூடியை இறுக்கி என் பையில் போட்டுக்கொண்டேன்,
இறால் ஊறுகாய்க்கு ஆகும்.

விடிகாலை, கம்பெனி வேன் வருமுன்,
மூன்றாவதில் மிஞ்சிய நாலு விரல்கடை.
நுரை செத்திருந்தது. குளிரும் இல்லை.
வாசலில் ஹாரன் கேட்க,
நின்றபடியே குடித்துப் பார்த்தேன்.

ஏ தான்.