ஒரு சாண் மீதி

சமையலறைக் கூரையில் டேப் உரிந்து
ஒரு முழம் தொங்குகிறது.
நவம்பரில் நகக்கண் அளவுதான்.
ஹீட்டரைக் கூட்டக் கூட்ட நீண்டது.
நேற்று சூப்பில் ஒரு வெள்ளைச் செதில்.
அதோடு பொறுமை போயிற்று.

டுலூத்தில் பிப்ரவரி.
பள்ளிப் பேருந்தை ஷெட்டில் விட்டு வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஏணியில் ஏறினேன்.
நுனியைப் பிடித்து இழுத்தால்
ஒட்டியிருக்கிறது என்று நான் நம்பியதெல்லாம்
சரசரவென்று கையோடு வருகிறது,
அடுப்பு தொடங்கி ஜன்னல் வரை.
அடியில் பட்டியே இல்லை. வெறும் பலகை.
எவனோ ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தில்
உலர்ந்த காகிதத்தை அப்படியே வைத்து
மேலே வெள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறான்.
முப்பது வருஷம் தாங்கியதே பெரிது.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே
தீக்குச்சி நுழையும் சந்து.
கத்தியால் ஓரம் சீவும்போது
அதன் வழியே இறங்கியது ஆர்விட்டின் குரல்.
மாடிக்காரர்.
படியில் எதிர்ப்பட்டால்
பனியைப் பற்றி மட்டும் பேசுபவர்.

"கோரின், அப்பாதான்."
மௌனம்.
"கோரின், உன் கல்யாணத்தன்று நான்..."
நாற்காலி இழுபடுகிறது.
"கோரின், அங்கேயும் குளிரா?"

மறுமுனையில் யாரும் இல்லை.
ஒத்திகை.

தும்மல் வந்தது.
மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏணியில் நின்றேன்.
தினமும் நாற்பத்திரண்டு பிள்ளைகளின் ரகசியங்கள்
என் முதுகுக்குப் பின்னால் சத்தமாகப் பேசப்படுகின்றன.
கேளாதிருக்கத் தெரிந்த காது
என்றுதான் நினைத்திருந்தேன்.

கெட்டித் தயிர் பதத்துக்குப் பட்டி குழைத்து
சந்தில் அப்பி
புது டேப்பைப் பதித்து
தகட்டால் வழித்தேன்.
அழுத்தி வழித்தால் காகிதம் பட்டினி கிடக்கும்.
விட்டு வழித்தால் குமிழி.
இடைப்பட்ட அந்த அழுத்தம்
மணிக்கட்டுக்கு மட்டுமே தெரியும்.
ஜன்னலுக்கு ஒரு சாண் இருக்கையில் நிறுத்தினேன்.
பட்டி தீர்ந்துவிட்டது
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
வாளியில் பாதி இருந்தது.

வெள்ளி, சனி.
இரண்டாம் பூச்சு காய்கிறதா என்று பார்க்கும் சாக்கில்
நாளுக்கு நாலுமுறை ஏணி ஏறினேன்.
மேலே வாக்கியங்கள் குறுகிக்கொண்டே வந்தன.
கல்யாணம் போயிற்று. குளிரும் போயிற்று.
சனி இரவு மிஞ்சியது
பெயர் மட்டும்.

ஞாயிறு காலை
எண்களை அழுத்தும் சத்தம்.
பத்தும்.

அப்போதுதான் வெட்கம் வந்தது எனக்கு.
கரண்டி எங்கே, தகடு எங்கே,
விரலாலேயே பட்டியை வாரி
அந்த ஒரு சாணையும் அடைத்தேன்.
டேப் கோணலாக விழுந்தது. விழட்டும்.
அதற்கப்புறம் கேட்டது வெறும் முணுமுணுப்பு,
ஆனால் நின்று நின்று,
பதில் வருவதற்கு இடம்விட்டு.

திங்களன்று படியில் கேட்டார்:
"கூரையைப் பிரித்துப்போட்டாயே,
என் சத்தம் தொந்தரவா?"
"ஒன்றும் கேட்கவில்லையே," என்றேன்.
"இன்று ஆறு அங்குலம் பனியாம்."

உப்புத்தாள் போட்டு எல்லாம் தேய்த்தாயிற்று,
வெள்ளையும் அடித்தாயிற்று.
நான்கு மணி வெயில் சாய்ந்து விழும்போது மட்டும்
ஜன்னலோரம் ஒரு சாண் மேடு தெரியும்,
என் விரல் தடத்தோடு.
அதை விட்டுவிட்டேன்.