பிரித்துப் பார்த்த பின்

வாதி கபீரில், மூன்றாவது சந்தில்,
இடிபட்டு வரும் கார்களுக்கு
விலை எழுதுவது என் வேலை.
பம்பர் ஒன்று. ஹெட்லைட் ஒன்று.
பானெட் தட்டி நிமிர்த்த, பெயின்ட் அடிக்க, கூலி தனி.
பதினொரு வருஷம்.
என் தாளைக் கண்டாலே
சர்வேயர் மாமூன் சிவப்புப் பேனாவை எடுப்பார்.
"மாத்த வேண்டாம் கஸ்பார், ரிப்பேர் பண்ணு"
என்று பாதியை அடிப்பார்.
அது தெரிந்தே பாதி கூட்டி எழுதியிருப்பேன்.
அப்புறம் இருவரும் டீ குடிப்போம்.

முந்தின வருஷம் மார்ச்சில்
பள்ளிக்கூட வாசலில் ரிவர்ஸ் வந்த பிக்கப்
என் மகள் ரெக்ஸ்லினின் இடது முழங்காலைச்
சுவரோடு வைத்து அழுத்தியது.
பிக்கப்புக்கு ஒரு கீறலும் இல்லை.
போலீஸ் அறிக்கையில் முதல் வரியே அதுதான்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
எலும்பின் நுனியில் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினார்.
இங்கேதான் வளர்ச்சி நடக்கிறது, என்றார்.
கொஞ்சம் நிறுத்தி,
நடந்தது, என்றார்.
அவளுக்கு அப்போது ஏழு வயது.
வலது கால் வளரும்.

ரூவியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். டோக்கன் நாற்பத்தேழு.
பத்துத் தடவை ஏசிக் குளிரில் உட்கார்ந்து எழுந்து
பதினொன்றாவது தடவை ஒரு தாள் தந்தார்கள்.
நிரந்தர ஊனம்: எட்டு சதவீதம்.
கால் குறைவு: ஒன்றேகால் சென்டிமீட்டர்.
தொகை: ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரியால்,
அறுநூற்று இருபத்தைந்து பைசா.

அந்த அறுநூற்று இருபத்தைந்தில் என் கண் நின்றுவிட்டது.
யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
புள்ளிக்குப் பின் மூன்று இடம் வரைக்கும்
என் பிள்ளையைக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"ஒன்றேகால் என்பது போன ஜூன் கணக்கு.
இப்போது இரண்டேகால்" என்றேன்.
கண்ணாடிக்குப் பின்னால் பத்ரியா, நல்ல பெண்தான்,
"போர்டு அளந்தது ஜூனில்தானே" என்றாள்.

ஹம்ரியாவில் ஒரு பட்டாணி
இடது ஷூவின் அடியில் ரப்பர் ஒட்டித் தருகிறார்.
ரசீது வழக்கமில்லை. நான் விடாமல் கேட்டதால்
சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதித் தந்தார்.
மூன்று அட்டை, மூன்று கனம்.
ஃபைலில் குத்தி வைத்திருக்கிறேன்.
பத்ரியா அவற்றைத் திருப்பிப் பார்த்து
மறுபடி நேராக அடுக்கினாள்.

"குடுக்கிறதை வாங்கிட்டு வாங்க, விசா முடியுது"
என்றுதான் பிரமிளா காலையில் சொல்லி அனுப்பினாள்.
அவள் சொல்வதிலும் தப்பில்லை.
ஆனால் போன வாரம்
பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.
ரெக்ஸ்லின் என் கராஜ் டேப்பை உள்ளே எடுத்துப் போயிருந்தாள்.
வலது காலிடம் பேசிக்கொண்டிருந்தாள்:
"நீ கொஞ்சம் நில்லேன். அது வரட்டும்."

இனி எந்தக் கோரிக்கையும் இல்லை
என்ற வரிக்குக் கீழே
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.
அங்கே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

பதினொரு வருஷமாய்
ஒவ்வொரு எஸ்டிமேட்டின் அடியிலும்
ஒரே வரியை எழுதுகிறேன்.
ஓடித் தேய்ந்த டாக்ஸிக்கும் எழுதுவேன்.
எதை அடித்தாலும் மாமூன் அதை அடிப்பதில்லை.
அவர் கம்பெனி ஒத்துக்கொண்ட வரி.
இதே கம்பெனி, இதே முத்திரை.

பேனா வாங்கினேன்.
பெருக்கல் குறிக்கு மேலே
கராஜ் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் எழுதினேன்:
பிரித்துப் பார்த்த பின் தெரியவரும் சேதம் தனி.

பத்ரியா இரண்டு தடவை படித்தாள்.
"இப்படி வாங்க முடியாது."
"தெரியும்."
"கோர்ட்டுக்குப் போனால் இரண்டு வருஷம் ஆகும்."
"ஆகட்டும்" என்றேன்,
"அதற்குள் எவ்வளவு என்று சரியாகத் தெரிந்துவிடும்."

வெளியே செப்டம்பர் வெயில்.
பார்க்கிங் சீட்டில் இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி.
ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை.
அந்த ஆறு நிமிஷமும் உட்கார்ந்திருந்தேன்.