இரண்டு நாள் இரவல்

சனிக்கிழமை, ஆய்வகத்தைப் பூட்டும் முன்
கதிரியக்கம் அளக்கும் கருவியைச்
சோற்றுப்பைக்குள் வைத்தேன்.
பதிவேட்டில் எழுதவில்லை.
நாகர்கோவிலிலிருந்து சின்னவிளை வரை
காலி மீன்கூடைகளுக்கு நடுவே
மடியில் அது
யாரோ கொடுத்தனுப்பிய கோழிக்குஞ்சு மாதிரி
சும்மா இருந்தது.

எங்கள் கரையில் அலை திரும்பிப் போனால்
மணலில் கறுப்பாக வரிகள் மிஞ்சும்.
சிறுவயதில் நூலில் காந்தம் கட்டி இழுப்போம்.
காந்தத்துக்கு மீசை முளைக்கும்.
அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.
ஆலை இருக்கிறது, லாரி போகிறது,
இந்த வருடம் சாளை இல்லை.
பேசுவதற்கு வேறு எவ்வளவோ இருந்தது.

முற்றத்தில் விட்டுவிட்டுத் துடித்தது.
வாசற்படியில் கொஞ்சம் வேகம்.
அண்ணன் மகள் உறங்கும் மூலையில்
காய்ந்த எண்ணெயில் கடுகு.

இந்தத் தரைக்கு அப்பா
வள்ளம் இறக்காத நாளெல்லாம்
கடற்கரை மணலைத் தலையில் சுமந்து கொட்டினார்.
ஒரு காசு செலவில்லை என்று
இருபது வருடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறோம்.

கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்தேன்.
"எதுக்கு?" என்றாள் அண்ணி கிளாடிஸ்.
"காத்து வரும்."
உண்மையைத் தெரிந்துகொண்ட பத்தாவது நிமிடம்
என் முதல் பொய்.

ஞாயிறு பூசை முடிவதற்குள்
ஊருக்கே தெரிந்துவிட்டது.
"எங்க வீட்டையும் ஒண்ணு பாரு பிள்ளே."
எண் குறைந்த வீட்டில் தேயிலை தந்தார்கள்.
எண் கூடிய வீட்டில்
பக்கத்து வீட்டு எண் என்ன என்று கேட்டார்கள்.
இந்த எண் ஆளைக் கொல்லுமா,
சும்மா கிடக்குமா?
எனக்குத் தெரியாது.
என் படிப்பு அளப்பதோடு முடிந்தது.

பெல்சி மட்டும் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு
என் கையைப் பிடித்தாள்.
இரண்டு முறை கலைந்தவள்.
மாமியார் வாயில் அதற்குப் பெயர் ராசி.
"நல்லாப் பாரு. கூடுதலாத்தான் இருக்கும்."
படுக்கையறையில் பார்த்தேன், கிணற்றடியில் பார்த்தேன்,
அவள் கேட்டதற்காக அம்மியின் கீழேயும்.
அவள் புருசன் ஆற்றுமணல் வாங்கிக் கட்டிய வீடு.
கருவி ஏறவே இல்லை.
ஒரு சொல் போதும், 'கூடுதல்' என்று.
என்னவோ ஒரு நேர்மை,
எங்கிருந்து வந்ததோ சவம்,
திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.
அவளுக்கு எண் வாசிக்கத் தெரியும்.
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது,
இருவரும் அணைக்கவில்லை.

ஜெரோபின் கதவுக்குக் குறுக்கே கைவைத்து நின்றான்.
"தங்கச்சியப் பொண்ணு பாக்க
வாற மாசம் குளச்சலில இருந்து வாறாவ.
உன் பெட்டி இங்க சத்தம் போட்டா
அங்க கேக்கும். நீ போ."

போனேன்.
போய், மதிலின் மறுபுறம் நின்று
துப்பட்டாவுக்குள் மறைத்துப் பிடித்துப் பார்த்தேன்.
அவனுக்காக இல்லை, ஊருக்காக இல்லை.
பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கருவி அலமாரிக்குத் திரும்பியது.
யாரும் தேடியிருக்கவில்லை.
கிளாடிஸ் கட்டிலைப் பழைய மூலைக்கே தள்ளியிருந்தாள்.
மின்விசிறி அங்கேதான் இருக்கிறது.
இரவில் பிள்ளையின் மூச்சு மட்டும் கேட்கிறது.
நான் அதை எண்ணுகிறேன்.

குளச்சல்காரர்கள் வரவில்லை.
அந்தத் தெருவா என்றார்களாம்.
ஜெரோபின் இப்போது என்னைக் கண்டால்
சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறான்.

அவன் வீட்டு எண்தான்
எங்கள் தெருவில் மிகக் குறைவு.
சொல்ல வேண்டும்.
சொன்னால், பார்த்தேன் என்பதையும்
சொல்ல வேண்டும்.