வில்லங்கச் சான்று

பச்சை ஊசியை முழங்கை மடிப்பில் ஏற்றிவிட்டு
"உடம்பு திடீர்னு சூடாகும்,
ஒண்ணுக்குப் போய்ட்ட மாதிரியே இருக்கும்,
ஆனா போயிருக்க மாட்டீங்க" என்றாள் பர்வீன்.
நாளுக்கு முப்பது பேரிடம் சொல்கிற வாக்கியம்.
எனக்கும் கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மோதிரம் சோப்புத் தண்ணீரில்தான் கழன்றது.
பின்பக்கம் முடிச்சுப் போட்ட அங்கியோடு
வளையத்துக்குள் போனேன்.
இயந்திரம் முதலில் இந்தியில் மூச்சிழுக்கச் சொன்னது.
கண்ணாடிக்குப் பின்னால் யாரோ எதையோ தட்ட
தமிழுக்கு வந்தது:
மூச்சை இழுங்கள். பிடியுங்கள்.

பிடித்தேன்.
கீழ்ப்பாக்கத்தில் அந்த நேரம்
மெட்ரோவுக்காக எங்கோ குடைந்துகொண்டிருந்தார்கள்.
படுக்கை மெல்ல அதிர்ந்தது, அல்லது நான்.
தொண்டையில் தொடங்கிய சூடு
அடிவயிறு வரை இறங்கி நின்றது.
நாற்பத்தாறு வயதில்
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
நனையவில்லை.

ஆறு வருடம் முன்பு அயனாவரத்தில்
அப்பா வீட்டை அளக்க வந்தவர்
டேப்பின் ஒரு முனையை என்னிடம்தான் கொடுத்தார்.
நானே பிடித்துக்கொடுத்து நானே இழந்தது
தெருப்பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு சதுர அடி.
போர்வெல்லும் அண்ணன் பக்கம்.
எனக்குப் பின்கட்டு,
ஒருக்களித்து நடந்தால் போக ஒரு சந்து.
அதற்குப் பிறகு வந்த கிறிஸ்துமஸ் எல்லாம்
ஒரே சுவரின் இரண்டு பக்கமும்
தனித்தனியாக வெந்தன.

கிட்னி கேட்டு யாரும் சுவரைத் தட்டவில்லை.
கேட்காததால்தான் வந்தேன்
என்றும் சொல்லிவிட முடியாது.

டாக்டர் திரையில் என்னைச் சுழற்றினார்.
எலும்பை அழித்தார். குடலை அழித்தார்.
மிஞ்சியது ஒரு மெயின் குழாயும்
இரண்டு வீட்டு இணைப்புகளும்.
"இடது பக்கம் ரெண்டா வருது பாருங்க,
கீழே ஒரு குட்டி ரத்தக்குழாய்."
அனுமதி வாங்காமல் இழுத்த கனெக்‌ஷனா என்றேன்.
அவருக்குச் சிரிப்பு வரவில்லை.
பிறவியிலேயே நிறையப் பேருக்கு இருக்குமாம்.
கல் இல்லை. கட்டி இல்லை. அடைப்பு இல்லை.
பத்திர ஆபீஸில் முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தபோதும்
இப்படித்தான் இல்லை இல்லை என்று வந்தது.
வில்லங்கம் மட்டும் பிறகு வந்தது.

புதன்கிழமை வேறு ஊசி, வேறு காமிரா.
எந்தக் கிட்னி எவ்வளவு உழைக்கிறது என்று
எண்ணிப் பார்க்கிற கதிர் மருந்து.
"ராத்திரி வரைக்கும்
மாசமா இருக்கறவங்க, குழந்தைங்க பக்கத்துல போகாதீங்க."

லிஃப்ட் திறந்தால் அண்ணி.
இடுப்பிலிருந்து நழுவி
என்னை நோக்கி ஓடிவந்தது பேரன் ஜெஃப்ரின்.
இரண்டு வயது. யார் யாருடன் பேசுவதில்லை
என்று இன்னும் சொல்லித்தரவில்லை போல.
நான் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.
கையைக் கூட முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.
"வாடா" என்று அவனை இழுத்துக்கொண்டாள் அண்ணி.
அவள் முகத்தில் ஆறு வருடமும் இருந்தது.
சொல்ல வாயெடுத்தேன்.
லிஃப்ட் மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை கணக்கு வந்தது:
இடது ஐம்பத்து மூன்று, வலது நாற்பத்தேழு.
"வலதை எடுப்போம். ஒரே குழாய், நமக்கும் சுலபம்.
கூடுதலா உழைக்கறது உங்ககிட்டயே இருக்கும்.
கொடுக்கறவங்களுக்குத்தான் நல்ல பங்கு, அதுதான் விதி."
இதை ஒருமுறை இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள்
என்று கேட்க நினைத்தேன்.
அங்கே சர்வேயர் இல்லை, அண்ணன் இல்லை,
மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
"அவர்கிட்ட இதைச் சொல்லணுமா?"
"ரிப்போர்ட்ல இருக்கும்" என்றார்.

புதன் இரவு பற்றிச் சொல்லவில்லை.
மருந்து வெளியேற
நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
நாளுக்கு எழுநூறு மில்லி.
அண்ணி அளந்து ஊற்றுவது
இந்தப் பக்கம் வரை கேட்கும்.

விளக்கை அணைத்துவிட்டு
சொம்பைப் பல்லில் படாமல் சாய்த்து
ஒவ்வொரு மடக்காக
சத்தமில்லாமல் விழுங்கினேன்.