ஏழாம் பக்கம்

க்ரிம்ஸ்பியில் வியாழக்கிழமைதோறும் வரும்
எட்டுப் பக்கச் செய்தித்தாளில்
ஏழாம் பக்கம் லொரெய்னுடையது.
இறந்தவர்கள் அவளிடம்
தொண்ணூறு சொற்களுக்குள் வந்து சேரவேண்டும்.
மீறினால் சொல்லுக்கு நாற்பது பென்ஸ்.

செலவைக் குறைக்க எல்லோரும்
வினைச்சொல்லைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.
என்ன செய்தார் என்பது போய்விடுகிறது,
எப்படிப்பட்டவர் என்பது மட்டும்
ஈரம் காயாமல் கிடக்கிறது.

பத்தொன்பது வருடத்தில்
'பப்ளி'யான ஒரு ஆண்கூடச் செத்ததில்லை.
எழுபது வயதிலும் பெண்கள்தான்
சோப்பு நுரையாய்ப் பொங்கிக்கொண்டே
போய்ச் சேர்கிறார்கள்.
'ஃபீஸ்டி' என்று எழுதித் தருகிறார்கள்,
ஐந்தடிக்குக் குறைந்த பெண்களுக்கு,
புற்றுநோயோடு மல்லுக்கட்டியவர்களுக்கு.
அந்தச் சொல்லின் வேரில்
ஒரு குட்டை நாய் படுத்திருக்கிறது.
ஆறடி ஆள் எவரும்
அந்த நாயைக் கூட்டிக்கொண்டு
கல்லறைக்குப் போனதில்லை.
'ஆம்பிஷஸ்' ஆணுக்கு மெடல்.
பெண்ணுக்கு வந்தாலோ பக்கத்திலேயே ஒரு 'ஆனால்',
பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் மாதிரி.

பிப்ரவரியில் பிளான்சர்ட் இரட்டையர் இறந்தார்கள்.
எண்பத்தோரு வயது. நான்கு நாள் இடைவெளி.
மீன்துறையில் நாற்பத்தைந்து வருடம்
ஒரே கடை, ஒரே தராசு, ஒரே கல்லாப்பெட்டி.
இரண்டு அறிவிப்பையும் எழுதியது
கிளிஃபர்டின் மகன் நீல்.
ஒரே பேனா. ஒரே ஞாயிற்றுக்கிழமை.

கிளிஃபர்ட் உறுதியானவர், நேராகப் பேசுபவர்,
காசில் கவனமானவர்.
தோரா 'பாஸி', வெடுக்கென்று பேசுபவள்,
கஞ்சத்தனம் இருந்தாலும் தங்கமான மனசுக்காரி.

லொரெய்ன் அவர்களிடம் ஹாடக் வாங்கியிருக்கிறாள்.
விடியற்காலை நாலு மணி ஏலத்தில்
ஒற்றை விரலைத் தூக்கியே
விலையை நிறுத்தியது யார் என்று தெரியும்.
கடைப் பூனை லாரியில் அடிபட்ட அன்று
ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய்
மூக்கைச் சிந்தியது யார் என்றும் தெரியும்.
அது தோரா இல்லை.

பெயர்களை அப்படியே விட்டாள்.
அடைமொழிகளை மட்டும் இடம் மாற்றினாள்.
கை தவறிவிட்டது என்று
பிறகு ஆசிரியரிடம் எழுதிக்கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை நீலின் போன்.
"எங்கப்பாவை பாஸி என்று போட்டிருக்கிறீர்கள்."
"ஆமாம்."
பின்னால் யாரோ இருமுவதுபோல் ஒரு சத்தம்.
"அம்மா," என்றான் நீல். "காலையிலிருந்து சிரிக்கிறாள்.
ஐம்பத்திரண்டு வருஷமாய் இந்தச் சொல்லைத்தான் தேடினேன்,
பெண்கள் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தார்களா என்கிறாள்."
கொஞ்ச நேரம் இருவரும் அந்தச் சிரிப்பைக் கேட்டார்கள்.
"இருந்தாலும் திருத்தம் போடுங்கள்.
ஊரில் நாலு பேர் பார்ப்பார்கள்."

இந்த இடத்தில் நான் நிறுத்தி
மேலே எழுதியதை வாசித்துப் பார்த்தேன்.
கிளிஃபர்டுக்கு 'ர்' போட்டிருக்கிறேன்.
தோராவுக்கு 'ள்'.
இரண்டு பேருக்கும் ஒரே வயது,
ஒரே கருவறை.
யாரும் சொல்லித்தராமல் என் பேனாவும்
மீனை இரண்டு கூடையில் பிரித்திருக்கிறது.
நீலை நான் என்ன சொல்வது?

அடுத்த வியாழன் திருத்தம் வந்தது.
கிளிஃபர்ட் பிளான்சர்ட் உறுதியானவர், வருந்துகிறோம்.
தோராவுடையதைத் திருத்த
யாருக்கும் ஞாபகம் வரவில்லை.
ஆகவே பழைய இதழில், ஏழாம் பக்கத்தில்,
தோராவும் உறுதியானவர்,
நேராகப் பேசுபவர்,
காசில் கவனமானவர்.

மாலையில் லொரெய்ன் மீன்துறைப் பக்கம் போனார்.
கடை சாத்தியிருந்தது.
ஷட்டரில் சாக்பீஸால் ஹாடக் விலை,
கடைசி ஏழை அழித்து
ஆறு ஆக்கியிருந்தது ஒரு கை.
யாருடைய கை என்று
எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.