எடைமேடை

லாரி நிறைந்து வந்து ஏறும்.
ஓர் எண்.
கொட்டிவிட்டுத் திரும்பி ஏறும்.
இன்னோர் எண்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் மக்காச்சோளம்.
நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
பத்தொன்பது வருடமாக
ஒரு கழித்தல் கணக்குக்குத்தான் எனக்குச் சம்பளம்.

அக்டோபரில், அறுவடை நெருக்கத்தில்,
சட்டமன்றத்துக்கு நிற்பவர் வந்தார்.
புது பூட்ஸ். சேற்றின் நிறம்தான், சேறு இல்லை.
எங்கள் எடைமேடை மீதே ஏறிப் பேசினார்.
அகலமான மேடை, பின்னால் தானியக் கோபுரம்,
கேமராவுக்கு வாகு.
எல்லை என்றார். எல்லை எங்களுக்கு எண்ணூறு மைல்.
வாஷிங்டன் என்றார்,
ராத்திரியெல்லாம் குரைக்கும் பக்கத்து வீட்டு நாயைச் சொல்வதுபோல.
பிறகு அங்கேதான் ஒருநாள் போகப்போவதாகவும் சொன்னார்.

நான் உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால்.
பழக்க தோஷம், திரையைப் பார்த்தேன்.
பேச ஆரம்பித்தபோது இருநூறு பவுண்டு.
இருபத்திரண்டு நிமிடம் வாய் ஓயாமல் பேசி
இறங்கப் போகும்போதும் இருநூறு.
ஒன்றும் கொட்டவில்லை மனிதர்.

காத்திருந்த லாரிகளில் ஐந்தாவது
ஃபர்ஹான் வர்சாமே ஓட்டுவது.
இரவில் இறைச்சி ஆலை, பகலில் பொஸ்பிஷிலின் லாரி.
எல்லை என்ற சொல் வந்தபோதெல்லாம்
எல்லோரும் அவனைப் பார்க்காமல் இருந்தார்கள்.
ஒருவனை முப்பது பேர் ஒரே நேரத்தில் பார்க்காமலிருந்தால்
அது நன்றாகவே கண்ணுக்குத் தெரியும்.

நவம்பர்.
வாக்குச்சீட்டின் முதல் பக்கம் முழுக்கப் பெரிய பெயர்கள்.
பின்பக்கம், கடைசி வரியில்,
மாவட்ட ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவு நீடிக்க வேண்டுமா?
வீட்டுவரி வருடத்துக்கு நாற்பத்தொரு டாலர் கூடும்.

எனக்குப் பெறும் வயது தாண்டிவிட்டது.
கூரை ஒழுகுகிறது.
'வேண்டாம்' வட்டத்தைக்
கோட்டுக்கு வெளியே போகாமல் கறுப்பாக்கினேன்.

ஒன்பது ஓட்டில் தோற்றது.
அவர் ஜெயித்தார், அது வேறு கதை,
அவர் ஜெயித்தது எனக்குக் கோபத்துக்கு வசதியாக இருந்தது.

ஜனவரி, இரவு ஒன்பதரை.
வருடக் கணக்கை முடிக்க உட்கார்ந்திருந்தேன்.
பனி தள்ளியிருந்த ஒரே இடம் எடைமேடை,
விளக்கெரிந்த ஒரே ஜன்னல் என்னுடையது.
ஃபர்ஹானின் கார் தடுமாறி வந்து மேலேறி நின்றது.
அவன் கத்தியதில் எனக்குப் புரிந்தது
ஹோதன் என்ற பெயர் மட்டும்.
போர்வையை எறிந்தேன், போனை எடுத்தேன்.
அடுத்த பிரசவ ஆஸ்பத்திரி எழுபத்து நான்கு மைல்.
ஆம்புலன்ஸ்காரி நிதானமாகக் கேட்டாள்,
"எந்த மாவட்டம்?"

போனின் வயர் கதவுவரைதான் எட்டியது.
அவள் சொன்னதை அவனுக்குக் கத்தினேன்:
தலையைத் தாங்கு. இழுக்காதே. துடை.
நடுவில் திரையைப் பார்த்தேன். ஏன் பார்த்தேனோ.
மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது.
ஓர் அழுகை வந்தது, சன்னமாய், கோபமாய்.
காருக்குள் இரண்டு பேர் மூன்று பேராகியிருந்தார்கள்.
திரையில்
மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது.

தராசைக் குறை சொல்லவில்லை.
அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம்.
அதுவரை காரின் ஹீட்டர் நின்றுவிடக்கூடாது என்று
மூன்று பேரும் ஆளுக்கொரு மொழியில் வேண்டிக்கொண்டிருந்தோம்.
மூன்றாவது ஆளின் மொழி அழுகை.

பிழைத்தாள். ஸாகல் என்று பெயர்.
ஏப்ரலில் சட்டமன்றக்காரரின் வண்ணக் கடிதம் வந்தது:
குடும்பங்களின் பக்கம் உறுதியாக நிற்கிறாராம்.
நிற்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது,
நானே பார்த்திருக்கிறேன், இருநூறு பவுண்டு.

ஃபர்ஹான் இப்போதும் வருகிறான்.
சீட்டை வாங்குமுன் போனை நீட்டி
அவள் தவழும் படம் காட்டுகிறான்.
ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான்,
அந்த ராத்திரி தன் மகளைக் காப்பாற்றியது நான் என்று.

ஒன்பதில் நானும் ஒன்று என்பதை
நான் இன்னும் சொல்லவில்லை.

நிறைந்து வருகிறான்.
கொட்டிவிட்டுத் திரும்புகிறான்.
கழித்துச் சொல்கிறேன்.